வட்டத்துக்குள் இரண்டு புள்ளி

ஜூன் 2, திங்கள்

பால் 6.10க்கு வந்தது. ஒரு பாக்கெட்டின் ஓரத்தில் கசிவு. திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். பிரஷர் மாத்திரை, கஞ்சி, செய்தித்தாள். இசக்கியம்மாளிடம் தேய்க்கப் போட்டது: சேலை மூன்று, தலையணை உறை இரண்டு, சட்டை ஆறு.

இத்தோடு இன்றைய குறிப்பு முடிந்திருக்க வேண்டும். பத்தரை மணிக்குப் பக்கத்து வீட்டு ஆவுடைச்செல்வி ஓடிவந்தாள். செத்த எலியைத் தூக்கி வருவதுபோல், கணவனின் சட்டையை இரண்டு விரலால் பிடித்திருந்தாள்.

"ஆன்ட்டி, காலருக்கு உள்ள பாருங்க!"

பார்த்தேன். நீல மை. ஒரு வட்டம், மேலே ஒரு கொம்பு, உள்ளே இரண்டு புள்ளி, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.

"தேய்க்கிறவள் குறி போட மாட்டாளா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். காலனி குரூப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கு ஆன்ட்டி. எந்த ஊருன்னு தெரியல. தேய்க்கிற ஆளு மூலமா வீட்டுக்கு வீடு அடையாளம் வைப்பானுங்களாம். பத்து நாள் கழிச்சு கூட்டமா வருவானுங்களாம்!"

மதியத்துக்குள் எங்கள் பொன்மலர் காலனியின் முப்பத்தெட்டு வீடுகளிலும் பீரோக்கள் திறந்தன. குரூப்பில் காலர் படங்கள், ரவிக்கை படங்கள், ஒரு வீட்டாரின் உள்பாவாடை கூட வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு குறி! நான் 1.15 வரை தொண்ணூற்றாறு செய்திகள் படித்தேன். சோறு வைக்க மறந்துவிட்டேன். என் வாழ்நாளில் அது மூன்றாவது முறை.

எங்கள் சங்கத் தலைவர் டாக்டர் மாசிலாமணி ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். அவர் ஒரே ஒரு செய்தி போட்டார்: "துணிக்குக் குறி போடாத தேய்ப்புக்காரர் எந்த ஊரில் இருக்கிறார்? எல்லோரும் போய்ச் சாப்பிடுங்கள்." ஒருவரும் அதற்குக் கட்டைவிரல் காட்டவில்லை.

அந்தக் குறியை நான் பார்த்தபோது...

இங்கே இரண்டு வரியை அடித்திருக்கிறேன். அடித்தல் திருத்தல் எனக்குப் பிடிக்காது. கான்வென்டில் சிஸ்டர் அகஸ்டா, நோட்டில் அடித்த இடத்துக்கு நேராக விரலிலும் ஸ்கேலால் ஒன்று வைப்பார்.

ஜூன் 3, செவ்வாய்

மாலை ஐந்து மணிக்குச் சித்திரைவேல் வந்தார். மூன்றாம் தெரு, வீட்டுமனை வியாபாரம், எப்போதும் வெள்ளைச் சட்டை. வரும் 15ஆம் தேதி சங்கத் தேர்தலில் டாக்டரை எதிர்த்து நிற்கிறார். டாக்டர் ஒன்பது வருடமாகப் போட்டியின்றித் தலைவர். சித்திரைவேலுக்கு அடுத்து வார்டு கவுன்சிலர் ஆசையும் இருப்பதாக ஊரில் பேச்சு. செருப்பை வாசலுக்கு வெளியே ஜோடியாக விட்டார். கவனித்தேன்.

"வயலட் மேடம், போலீசுக்குப் போறதுக்கு முன்னால விவரம் தெரிஞ்ச ஒருத்தர் இந்தக் குறியெல்லாம் பாக்கணும். நீங்க டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சுல சூப்பர்வைசரா இருந்தவங்க. நானூறு நம்பரை மனசுலயே வச்சிருந்தீங்கன்னு சொல்லுவாங்க. இந்தக் காலனில மூளைன்னு ஒண்ணு உங்ககிட்டதான இருக்கு?"

நானூறு அல்ல, அறுநூற்றிருபது என்று திருத்தினேன்.

"பாத்தீங்களா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

முப்பத்தெட்டு வீட்டுக் குறிகளையும் படமெடுத்து, தெருவாரியாக அடுக்கி, பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒழுங்கான வேலை. காபி கொடுத்தேன். முன்பு இவர் வந்தபோதெல்லாம் என் கணவர் பொன்னையா ஒருமுறைகூட இவருக்குக் காபி கொடுக்கச் சொன்னதில்லை. அவருக்கு மனிதர்களை எடைபோடுவதில் அவசரம் அதிகம்.

இன்று சட்டைகள் தேய்த்து வந்தன. மடிப்பு சரி.

ஜூன் 4, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!

நாற்பது நிமிடம். நாற்பதே நிமிடம்! எழுபத்துநான்கு வயதில்! பென்சிலைக் கூர்தீட்டி உட்கார்ந்தேன், கை தானாகவே போயிற்று. வட்டம் என்றால் வீடு. வட்டத்துக்குள் இருக்கும் புள்ளி, அந்த வீட்டில் எத்தனை பெரியவர்கள் என்பது. மேலே இருக்கும் கொம்பு எத்தனையோ அத்தனையாவது தெரு. கீழே கோடு இருந்தால் நாய் உண்டு. பக்கத்தில் பெருக்கல் குறி இருந்தால், பகலில் வீடு பூட்டிக் கிடக்கும். மாடிக்கு வெளிப்படிக்கட்டு உள்ள வீட்டுக்கு ஒரு நெளிகோடு, தென்னை உள்ள வீட்டுக்கு ஒரு சிறு மரம்.

அட்டவணையை என் கையாலேயே எழுதினேன். பொருந்திய வீடுகள் இருபத்தேழு. பொருந்தாத பதினொன்றைச் சேர்க்கவில்லை. தாளில் இடம் இல்லை. என் வீட்டுக் குறியில் வட்டத்துக்குள் இரண்டு புள்ளி இருக்கிறது. அட்டவணையில் ஒன்று என்று போட்டேன். படிக்கிறவர்கள் குழம்பக் கூடாது.

சித்திரைவேல் தாளைக் கையில் வாங்கியதும் எழுந்து நின்றுவிட்டார். "மேடம், இது வெடிகுண்டு."

சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டிலும் என் அட்டவணையின் நகல். பூங்காவில் நடந்தபோது மூன்று பேர் வழியை விட்டு ஒதுங்கி வணக்கம் சொன்னார்கள். இரண்டாம் தெரு நெல்லையப்பன் மனைவி என் கையைப் பிடித்து, "நீங்க மட்டும் இல்லேன்னா எங்க நெலமை என்னாகும்மா" என்று அழுதாள். பத்து வருடமாக என்னைக் கண்டால் புகார் எழுதுவேன் என்று பயந்து கதவைச் சாத்துகிறவள்!

இசக்கியம்மாள் தேய்ப்பு வண்டியில் கரியை ஊதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "நாளைக்குச் சேலை தாரியளாம்மா?" என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

பழைய நாட்குறிப்புகள் வைத்திருக்கும் டிரங்குப் பெட்டியின் சாவியை எடுத்துத் துடைத்துத் திரும்ப மாட்டினேன். தூசிக்காகத்தான்.

ஜூன் 6, வெள்ளி

எப்பேர்ப்பட்ட நாள்!

பதினோரு மணிக்குப் பூங்காவில் அவசரக் கூட்டம். சித்திரைவேல் செலவில் தகரப் பந்தல். எனக்கு முதல் வரிசையில் கைவைத்த நாற்காலி. காலையில் மாத்திரை போட்டேன். பரபரப்பில் கஞ்சி குடிக்கவில்லை. நிறையப் பெண்கள் வெள்ளிக்கிழமை விரதம். காற்று மரத்தை ஆட்டியது, பந்தலுக்குள் வரவில்லை.

சித்திரைவேல் பேசினார். "இருபத்திரண்டு வருசமா பூங்காச் சுவரோரம், புங்கமரத்தடில இந்த வண்டி நிக்கி. யார் அனுமதி குடுத்தா? ஒன்பது வருசமா தலைவர் குடுக்கார். நம்ம வீட்ல எத்தன பேரு, எப்பப் பூட்டு, நாய் உண்டா, எல்லாம் நம்ம துணிலயே எழுதி வச்சிருக்காங்க. தலைவர் என்ன சொல்லுதார்? போய்ச் சாப்பிடுங்கன்னு சொல்லுதார்!"

டாக்டர் எழுந்தார். "குறி போடுறது தொழில்ல வழக்கம். அந்தம்மாவையே கூப்பிட்டுக் கேக்கலாமே?"

"மாட்டு டாக்டரு மாட்டுக்குப் பாக்கட்டும், மனுசனுக்கு நாங்க பாத்துக்கிடுதோம்!" என்று பின்வரிசையில் யாரோ கத்த, ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. நெல்லையப்பன் மனைவி, "இந்தச் சேலைல என்னமோ வாடை அடிக்கி" என்று முந்தானையை மோந்தாள். "தல சுத்துது" என்றாள். அப்படியே சரிந்தாள். அடுத்த நாற்காலிக்காரி தன் சேலையை மோந்தாள். அவளும் போனாள். மூன்றாவது ஆவுடைச்செல்வி. "மயக்க மருந்து! துணில தடவியிருக்கா!" என்று ஒரு குரல். தேய்த்த சேலையின் மடிப்பில் எனக்கும் ஏதோ இனிப்பு வாசனை வந்தது. நெஞ்சு படபடத்தது, கண் இருண்டது, நாற்காலியோடு சாய்ந்தேன்.

மொத்தம் ஒன்பது பேர். நான் ஐந்தாவது.

டாக்டர் எல்லோருக்கும் சர்க்கரை போட்டு எலுமிச்சைச் சாறு கொடுத்தார். பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டோம். "பசி, வெக்கை" என்றார் அவர். அதைக் கேட்க யார் இருந்தார்கள்? அதற்குள் ஆண்கள் புங்கமரத்தடிக்கு ஓடிவிட்டார்கள். கரிப்பெட்டி கவிழ்ந்து கங்கு மண்ணில் சிதறியது. இசக்கியம்மாள் துணி மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். யாரும் அவள்மேல் கை வைக்கவில்லை. சித்திரைவேல்தான் நடுவே புகுந்து, "சட்டம் இருக்குப்பா, நாம தொடக் கூடாது" என்று தடுத்தார். நல்ல மனிதர் என்றார்கள் எல்லோரும்.

கூட்டத்தின் மேலாக இசக்கியம்மாள் என்னைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 7, சனி

காலனி முழுக்க வாளி. டெட்டால், மஞ்சள்பொடி, உப்பு, சிலர் சாணிக் கரைசல்கூட. நான்காம் தெரு காலி மனையில் இரண்டு பட்டுச்சேலை, ஒரு கோட்டு, பள்ளிச் சீருடைகள் எரிந்தன. திங்களன்று பள்ளி திறக்கிறது என்பது சீருடை எரித்த தாய்க்கு இரவுதான் நினைவு வந்ததாம்.

ஆறு சட்டைகளையும் நான் நனைக்கவில்லை. பீரோவிலேயே இருக்கட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச்சில் பூசை. பிரசங்கம் நீளம். பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர். அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வந்தது நினைவு வந்து திரும்பிவிட்டேன்.

பருப்பு அடுப்பில் இல்லை.

ஜூன் 9, திங்கள்

சிரட்டைக் கரி வாசனை இல்லை. ஏழு மணி ஆனதே தெரியவில்லை.

வண்டியைத் தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். சங்கத்தின் பெயரால் சித்திரைவேல் கொடுத்த புகாரில் எழுபத்தொரு கையெழுத்து. இணைப்பாக என் அட்டவணை. இசக்கியம்மாளைக் காலை எட்டு மணிக்கு ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் மாலை ஆறுவரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். குறிக்கு என்ன அர்த்தம், யார் சொல்லி எழுதினாய் என்று எத்தனை முறை கேட்டும் வாயே திறக்கவில்லையாம். பதினாறாம் தேதி வரை பார்த்துவிட்டு வழக்குப் போடுவார்களாம்.

"வாயத் தொறக்காம இருந்தா என்ன அர்த்தம் ஆன்ட்டி? குத்தம் இருக்குன்னுதான?" என்றாள் ஆவுடைச்செல்வி.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இருமல் வந்துவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

இந்த வாரச் சேலைகளைக் கரண்ட் பெட்டியில் நானே தேய்த்தேன். பிறகு பீரோவிலிருந்து சட்டை ஒன்றை எடுத்தேன். நீலக் கோடு போட்டது. காலரைத் திருப்பினேன். வட்டம், மேலே ஒரு கொம்பு, உள்ளே இரண்டு புள்ளி.

ஐந்து வருடமாக இந்த வீட்டில் நான் ஒருத்தி. திருடனுக்குத் தகவல் எழுதுகிறவள் அந்தச் செய்தியை முதலில் எழுதியிருப்பாள், தனியாக இருக்கும் கிழவி என்று. இவள் எழுதவில்லை. சட்டைகள் வருகின்றன, ஆகவே சட்டைக்காரர் இருக்கிறார். அவள் கணக்கு அவ்வளவுதான்.

டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். 2017, ஆகஸ்ட் 19. என் கையெழுத்து. அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"தலையணை உறை மாறி வந்தது. நம்முடையது பழைய எண் 14, புதிய எண் 7. வந்தது புதிய எண் 14 வீட்டு உறை, தேங்காயெண்ணெய் வாடை. இந்த நகராட்சி இரண்டு இரண்டு எண் கொடுத்து வைத்தால் படிக்காத பெண் என்ன செய்வாள்? பூங்காவில் வைத்து நன்றாகத் திட்டினேன். பிறகு எண்களே வேண்டாம் என்று குறிகள் வகுத்துக் கொடுத்தேன். வீடு ஒரு வட்டம், தெரு எண்ணுக்கு மேலே கொம்பு, ஆட்கள் புள்ளி, நாய் இருந்தால் எச்சரிக்கையாக ஒரு கோடு, பகலில் பூட்டியிருக்கும் வீட்டுக்குப் பெருக்கல், அங்கே மாலையில் கொடுத்தால் போதும். முப்பத்தெட்டு வீட்டுக்கும் தாளில் எழுதிக் கொடுத்தேன். பொன்னையா சிரிக்கிறார்: வயலட், நீ போர்க்காலத்தில் பிறந்திருக்க வேண்டும்."

2ஆம் தேதியன்று நான் அடித்த இரண்டு வரி என்ன என்று இப்போது எழுதுகிறேன். "இது என் குறி. நான் வகுத்தது." அன்றே தெரியும். சட்டையை ஆவுடைச்செல்வி நீட்டிய அந்த நிமிடமே தெரியும்.

ஜூன் 11, புதன்

ஆட்டோ பிடித்து இசக்கியம்மாள் வீட்டுக்குப் போனேன். வாய்க்கால் ஓரம், ஒற்றை அறை. அவள் எழுந்து, ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

"அந்தத் தாள் இருக்கா?"

அரிசி டப்பாவிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தாள். நான் எழுதிக் கொடுத்த தாள். ஓரம் பழுத்திருந்தது, ஒரு மடிப்புகூடக் கிழியவில்லை.

"இதை ஏன் போலீசில் காட்டவில்லை?"

"காட்டினா உங்களைல்லா கூட்டிட்டுப் போயி பெஞ்சில உக்கார வைப்பாவ? நீங்க சொல்லுவியன்னு இருந்தேன்."

"கூட்டத்தில் என்னைப் பார்த்தாயே, அப்போதும்..."

"அப்பவும் அதான் நெனச்சேன். இப்பம் சொல்லுவாவ, இப்பம் சொல்லுவாவன்னு. நீங்க மயங்கி விழுந்துட்டிய. எந்திச்ச பொறவும் சொல்லல."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

"வேறு யாரிடமாவது இதைக் காட்டினாயா?"

"வெள்ளச் சட்டக்காரரு மொத நாளே வந்து கேட்டாவ. காட்டினேன். போனுல படம் பிடிச்சாவ. தாளைக் கேட்டாவ, நான் குடுக்கல. அம்மா கையெழுத்துல்லா?"

மொத நாளே!

ஜூன் 12, வியாழன்

காலையில் முதல் வேலையாகச் சித்திரைவேல் வீட்டுக்குப் போனேன். ஊஞ்சலில் உட்கார்ந்து தேர்தல் நோட்டீஸ் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இசக்கியம்மாளிடம் கேட்டு வாங்கி வந்த தாளை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. சிரித்தார். "தெரியும்மா. உங்க கையெழுத்து இந்தக் காலனில யாருக்குத் தெரியாது? மாசத்துக்கு ரெண்டு புகார் எழுதுதியளே."

"தெரிந்துகொண்டா என்னிடம் வந்தீர்கள்?"

"தெரிஞ்சுதான் வந்தேன். வேற யார்கிட்டக் குடுத்திருந்தாலும் நாளைக்கு மாத்திப் பேசுவாங்க. நீங்க பேச மாட்டீங்க. எப்படிப் பேசுவீங்க? பொய் சொன்னேன்னு சொல்லணும், இல்ல, மறந்துபோச்சுன்னு சொல்லணும். ரெண்டும் உங்களால முடியாது." ஊஞ்சலை ஒரு காலால் மெல்ல ஆட்டினார். "எனக்கு அந்தப் பொம்பள மேல ஒரு கோவமும் கிடையாது மேடம். யாருக்கும் ஒண்ணும் ஆகாது. 15ஆம் தேதி முடியட்டும், புகாரைத் திருப்பி வாங்கிருவேன். வேற ஏரியால வண்டி போடச் சொல்லிருவோம். டாக்டர் ஒன்பது வருசம் இருந்தாச்சு. ஜனங்களுக்கு ஏதாவது ஒண்ணு தேவைப்பட்டுது. நீங்க எழுதிக் குடுத்தீங்க."

தேர்தல் நாள் கூட்டத்தில் சாட்சியாக இரண்டு நிமிடம் பேசவும் அழைத்தார்.

சரி, பேசுகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கால் தரையில் பாவவில்லை. பயமா? இல்லை. 1974 வேலைநிறுத்தத்தில் எக்ஸ்சேஞ்சில் தனியாக ஒரு போர்டு முழுவதையும் பார்த்த அன்று இப்படி இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

குக்கர் விசில் ரப்பர் மாற்றினேன். முதல் தெரு, பத்து வீடு. மனப்பாடம் சரி.

ஜூன் 14, சனி

எல்லாத் தெருவும் சரி. அறுநூற்றிருபது இருந்த இடத்தில் முப்பத்தெட்டுக்கு இடமில்லாமலா போகும்?

ஜூன் 15, ஞாயிறு

வந்த வேகத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

நிறையக் கஞ்சி குடித்துவிட்டுப் போனேன். பூங்கா நிரம்பியிருந்தது. சித்திரைவேல், "நம்ம கண்ணைத் திறந்துவிட்ட வயலட் பொன்னையா மேடம்" என்றார். கைதட்டல். அது பிடித்திருந்தது; அதையும் எழுதிவிடுகிறேன்.

மைக்கைப் பிடித்தேன். "அந்தக் குறிகளை நான் கண்டுபிடிக்கவில்லை. நான்தான் உண்டாக்கினேன். எட்டு வருடத்துக்கு முன்னால், என் தலையணை உறை மாறி வந்ததற்காக. இதோ தாள். இசக்கியம்மாள் நான் சொன்னபடி செய்தாள். இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். சொல்லவில்லை. நீங்கள் என்னைப் பாராட்டினீர்கள், அதனால் சொல்லவில்லை."

பிறகு ஒரே கூச்சல். சித்திரைவேல் வந்து என் தோளைத் தாங்கிப் பிடித்தார். குரலில் தேன். "அம்மாவுக்கு வயசு எழுபத்துநாலு. அன்னைக்கு மயக்கம் போட்டதுல இருந்தே கொஞ்சம் குழப்பம். நாமதான் பொறுத்துப் போகணும். யாராவது அம்மாவ வீட்ல விடுங்க."

"ஐயோ பாவம்" என்றார்கள். "தண்ணி குடுங்க" என்றார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்தேன். தம்ளரைச் சித்திரைவேல் கையிலேயே கொடுத்தேன். தாளை மடித்து டாக்டரிடம் நீட்டினேன்.

"டாக்டர், நீங்கள் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். தப்பு வந்தால் நிறுத்துங்கள். முதல் தெரு. முதல் வீடு: வட்டம், மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. இரண்டாம் வீடு: நான்கு புள்ளி, தென்னை. மூன்றாம் வீடு: இரண்டு புள்ளி, பெருக்கல், நெளிகோடு..."

"சரி" என்றார் டாக்டர். "சரி." "சரி."

பத்தாவது வீட்டுக்குள் கூச்சல் அடங்கிவிட்டது. இரண்டாம் தெருவுக்கு வந்தபோது பார்க்கிறேன், ஒருவர் தன் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்க்கிறார். அடுத்தவர் மனைவி ரவிக்கை ஓரத்தை மடித்துப் பார்க்கிறாள். நான் எண் சொல்லச் சொல்ல, வரிசை வரிசையாகக் காலர்கள் புரண்டன. என் குரல் ஏறிக்கொண்டே போயிற்று!

"நெல்லையப்பன் வீடு: கீழே கோடு. உங்கள் நாய் செத்து இரண்டு வருடமாகிறது, கோடு அப்படியே இருக்கிறது. எந்தத் திருடன் செத்த நாய்க்குப் பயப்படுவான்? பதினேழாம் வீடு: பெருக்கல். சார், நீங்கள் ரிட்டயராகி நான்கு வருடமாகப் பகலெல்லாம் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆவுடைச்செல்வி, உன் வீட்டுப் பெருக்கலும் புள்ளியும் உனக்கு முன்னால் குடியிருந்தவர்களுக்காகப் போட்டது. இப்படிப் பொருந்தாதவை பதினொன்று. அவற்றை நான் அட்டவணையில் ஏற்றவில்லை. அது என் பொய்."

முப்பத்தெட்டையும் முடித்தேன். ஒரு பிழை இல்லை. டாக்டர் கடைசி "சரி"யைச் சொல்லித் தாளை மடித்தார்.

"என் வீட்டுக் குறி: வட்டத்துக்குள் இரண்டு புள்ளி. என் கணவர் இறந்து ஐந்து வருடம். நான் அவருடைய ஆறு சட்டைகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை துவைத்துத் தேய்க்கப் போடுகிறேன். ஏன் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. புள்ளியை அழித்ததும் இல்லை."

இதைச் சொல்ல நான் நினைத்திருக்கவில்லை. வந்துவிட்டது.

சித்திரைவேலிடம் திரும்பினேன். "இந்தத் தாளை முதல் நாளே படம் பிடித்தீர்கள். உங்கள் போனைக் காட்டுங்கள்."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

ஜூன் 16, திங்கள்

சித்திரைவேல் இருபது வாக்கு. டாக்டர் பதினாறு. இரண்டு செல்லாதவை.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் இருபது வீடு! ஆவுடைச்செல்வி சொன்னாள்: "அந்தம்மா நல்லவளாவே இருக்கட்டும் ஆன்ட்டி. ஆனா பயம் வந்தாச்சுல்லா. அவரு கேமரா வைக்கேன்னு சொல்லுதாரு. டாக்டர் சாப்பிடச் சொல்லுதாரு." தான் யாருக்குப் போட்டாள் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பத்து மணிக்கு டாக்டரோடு ஸ்டேஷன். மூன்று பக்க வாக்குமூலம் என் கையால் எழுதிக் கொடுத்தேன். தாள், 2017 நாட்குறிப்பு, எல்லாம் வைத்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, "ஏம்மா, இத ஒரு வாரம் முன்னால சொல்லியிருக்கலாம்லா?" என்றார். என்னைப் பெஞ்சில் ஒன்றேகால் மணி நேரம் உட்காரவைத்தார்கள். முதுகுப் பலகையில்லாத பெஞ்சு. அவள் இதில் பத்து மணி நேரம்.

வழக்கு இல்லை.

ஜூன் 18, புதன்

புதிய தலைவரின் முதல் தீர்மானம்: பாதுகாப்புக் கருதி, பூங்காச் சுவரோரம் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. குரூப்பில் இன்னொரு வாய்ஸ் மெசேஜ்: அந்தக் கிழவிக்கும் திருட்டுக் கூட்டத்தில் பங்கு உண்டாம். என் குரலைவிட நல்ல குரல், பிசிறில்லாமல் பேசியிருக்கிறார்கள். இரண்டு முறை கேட்டேன்.

சங்கத்தின் அதிகாரம் என் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியேதான். விதிகள் புத்தகம், நான்காம் பிரிவு. பதினைந்து வருடம் முன்னால் அதை எழுதியவளே நான்தான்.

ஜூன் 20, வெள்ளி

வண்டியை நான்கு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் பின்னால் கை கொடுத்தார். என் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறது. கார் விற்று நான்கு வருடம். வாசல் கேட்டில் நானே பெயிண்டால் போட்டேன்: ஒரு பெரிய வட்டம், மேலே ஒரு கொம்பு, உள்ளே இரண்டு புள்ளி. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும்!

முதல் நாள் இரண்டு வீட்டுத் துணி. டாக்டர் வீடு ஒன்று. இன்னொன்றை ஆவுடைச்செல்வி சுவருக்கு மேலாக நீட்டினாள், முகத்தைக் காட்டாமல்.

ஜூன் 22, ஞாயிறு

பூசை. பாவசங்கீர்த்தன வரிசையில் கடைசி வரை நின்றேன்.

திரும்பி வந்து துணி எடுத்து வைத்தேன். இசக்கியம்மாள் மூட்டையைப் பிரித்தாள். சட்டைகளை ஒரு பக்கம் வைத்தாள். சேலையையும் தலையணை உறையையும் மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அய்யா சட்டையத் தேச்சுத் தாரேன். உங்களத நீங்களே தேச்சுக்கிடுங்கம்மா."

"எத்தனை நாளைக்கு?"

அவள் சட்டைக் காலரைத் திருப்பி, மங்கியிருந்த குறிமேல் பேனாவை வைத்தாள். வட்டம். கொம்பு. முதல் புள்ளி. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். இரண்டாவது புள்ளியையும் வைத்தாள்.

பால் 6.20, பத்து நிமிடத் தாமதம். இன்று தேய்த்தது: சேலை இரண்டு, தலையணை உறை ஒன்று, நான். முந்தானையோரம் ஒரு கருகல். சட்டை ஆறு, இசக்கியம்மாள். மடிப்பு சரி.